மலைநாட்டில் வழியறிதல்

இலங்கைத் தீவிலுள்ள புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. அதற்கு அப்பாற் சிறிது தூரத்தில், 6,225 அடி உயரத்தில், இருப்புப்பாதை தன் உச்சியை எய்திப் பின் ஒஹியவை நோக்கி இறங்குகின்றது. ஆண்டிற் பல நாட்களில் பிற்பகலானதும் பனிமூட்டம் வந்து இவ்வூரை மூடிக்கொள்ளும். பத்தடிக்கு அப்பால் நிற்பது மாடா, மனிதனா, மரக்கறி ஏற்றிய லொறியா என்று புலப்படாது. அம்பேவெலவிலிருந்து வரும் வீதி இவ்வூரினூடாகவே ஹோட்டன் சமவெளிக்கு ஏறுகின்றது. ஆதலின், உலக முடிவைக் காணவென்று விடியுமுன்னே புறப்பட்ட அயலூர் வாகனங்களும் இருளிலும் மூட்டத்திலும் இவ்வழியே தடவித் தடவிச் செல்வதுண்டு.

இத்தகையதோர் ஊரிலே, பதினெட்டு வயது நிரம்பிச் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதிதாகப் பெற்ற இளைஞன் உள்ள வீட்டில் எழும் வினா ஒன்று. செய்மதிகளின் துணைகொண்டு வழி சொல்லும் ஜி.பி.எஸ். கருவியை அவன் கையிற் கொடுப்பதா? அன்றிச் சில காலம் பொறுப்பதா? இரவிலே பிள்ளை வழி தவறிப் பள்ளத்தின் விளிம்பில் நிற்பானே என்று தாய் அஞ்சுவாள். கொடுத்துவிடுவதே நன்று என்பாள். கருவி சொன்னபடி ஓட்டுகிறவன் என்றைக்கு வழியைக் கற்பது என்று தந்தை கேட்பார். இருவர் அச்சமும் பொய்யன்று. கருவி புதிதேயன்றி வினா புதிதன்று. இம்மலைநாட்டிற்கு வழி திறந்த காலந்தொட்டே அது பல உருவில் எழுந்துள்ளது. அதற்குப் பலர் உயிரையே விலையாகக் கொடுத்துமிருக்கின்றனர்.

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. நாட்டைக் கைக்கொண்டனரேயன்றி நாட்டுக்குள் செல்லும் வழி அவர்களுக்குத் தெரியாது. மலையும் காடும் வழியின்மையுமே கண்டியரின் கோட்டையாக நெடுங்காலம் நின்றன. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கொழும்பையும் கண்டியையும் வண்டிப் பாதையால் இணைக்க முற்பட்டபோது, 1820இல், கடுகண்ணாவைக் கணவாயின் ஒரு பகுதியை யார் பொறுப்பில் விட்டார் என்பதை அறிவோர் இன்றும் வியப்பர். தோமஸ் ஸ்கின்னர் என்னும் பதினாறு வயதுச் சிறுவனிடமே அதை ஒப்படைத்தார்.

ஸ்கின்னர் 1804இல் நியூபவுண்ட்லாந்திற் பிறந்தவர். திருகோணமலையிற் படைத்தலைவராயிருந்த தந்தையைக் காண 1818இல் வந்தவர், பள்ளிப் படிப்பு முற்றுப்பெறாத நிலையிலேயே இலங்கைத் துப்பாக்கிப் படையிற் சேர்க்கப்பட்டார். அந்த வயதிலேயே திருகோணமலையிலிருந்து கொழும்புவரை தீவின் குறுக்காக ஒரு படைப்பிரிவை நடத்திச் சென்றார். கடுகண்ணாவையில் அவர்கீழ் விடப்பட்டோர் ஏறத்தாழ இருநூறு கண்டி நாட்டார். வீதி அமைக்கும் தொழிலை அவர்களும் அறியார், அவரும் அறியார். அம்மக்கள் விரும்பி வந்தவர்களல்லர் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள்; அவ்வூழியம் 1832இலேயே ஒழிந்தது. ஸ்கின்னரின் புகழைப் பாடும் நூல்கள் இதை ஒரு வரியிற் கடந்துவிடுவது வழக்கம்.

தேசாதிபதி அச்சிறுவனிடம் நுட்பமான கருவி எதனையும் முதலிற் கொடுக்கவில்லை. மலையைக் கொடுத்தார், மண்வெட்டி பிடிக்கும் ஆட்களைக் கொடுத்தார். எந்தச் சரிவில் மழைநீர் பாய்கின்றது, எந்த மண் வெட்டியதும் சரிகின்றது, ஏறுவோனுக்கு எங்கே மூச்சு வாங்குகின்றது என்பனவற்றை அவர் காலாலும் கண்ணாலும் கற்றார். நிலமளக்கும் தியோடோலைட்டு அவர் கைக்கு வந்தது அதன் பின்னரே. கண்டிப் பிரதேசங்களை அளந்து படமாக்கும் வேலை வந்தபோது, ஆசிரியர் ஒருவரின்றித் தாமே முயன்று அக்கருவியின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். முன்னரே கால் அறிந்திருந்த மலையைக் கருவி இப்போது எண்ணாக்கிக் கொடுத்தது. அளவு பிழைத்தால் பிழையென்று கண்டுகொள்ள அவர் மனத்தில் ஒரு மலை இருந்தது. 1867இல் அவர் இத்தீவை விட்டு நீங்கியபோது ஏறக்குறைய 3,000 மைல் வீதி இங்கே இருந்தது. அவர் வந்த காலத்தில் வீதி என்று சொல்லத்தக்கது அரிதினும் அரிது.

அக்காலத்து நிலமளப்போருக்கு வேறோர் ஆசிரியரும் இருந்தார். அது காட்டு யானை. யானைத் தடம் மலைமுகட்டைப் பற்றிச் செல்லும். கடக்க எளிய துறை பார்த்தே ஆற்றில் இறங்கும். செங்குத்தாக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறும். அத்தடங்களைப் பின்பற்றியே பல இடங்களில் காட்டினுள் வழி கண்டனர். பட்டிப்பொலவுக்கு மேலேயுள்ள சமவெளியை 1834இல் ஆங்கிலப் படையதிகாரிகள் கண்டு, தேசாதிபதி வில்மொட் ஹோட்டனின் பெயரைச் சூட்டினர். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவைத்தனர். பெயர் புதிதேயன்றி இடம் புதிதன்று.

இனி, இதே மலைக்கு இன்னொரு வழியால் வந்த மக்களை நினைக்கவேண்டும். கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் முதலாய இடங்களிலிருந்து உழைப்பாளர் ஆயிரமாயிரமாக வந்தனர். தோணியிற் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் வறண்ட காட்டினூடே நடந்தனர். அவர்களிடம் படம் இல்லை, திசை தெரியாது, செல்லும் இடத்தின் பெயரும் பலருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் முன்னே செல்லும் கங்காணியின் முதுகு ஒன்றே. கங்காணி நிற்கும் இடத்தில் நின்றனர். அவன் காட்டிய குளத்து நீரைக் குடித்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் கண்டு வீழ்ந்தவர்கள் பலர் வழியோரத்திலேயே விடப்பட்டனர். கூட்டத்திலிருந்து பின்தங்கியவனுக்குத் திரும்பி ஊர் போகவும் வழி தெரியாது. முன்னே தோட்டம் சேரவும் தெரியாது. வழியைத் தான் அறியாது, அறிந்தவனைப் பற்றிச் செல்வோனின் நிலை அது. 1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வந்தபின் அந்நடைக்குத் தேவையே இல்லாது போயிற்று.

ஸ்கின்னரின் தியோடோலைட்டும் கங்காணியின் முதுகும் மலைநாட்டிற்கு வழிகாட்டிய இரண்டு. முன்னது, கையாள்பவனுடைய அறிவை வேண்டி நிற்பது. பின்னது அறிவை வேண்டாதது, கீழ்ப்படிதலையே வேண்டுவது. இளைஞனின் வண்டியில் ஏறப்போகும் ஜி.பி.எஸ். இவ்விரண்டனுள் எது என்பதே அவ்வீட்டார் ஆராயத்தக்கது. அது இரண்டாகவும் இருக்கவல்லது என்பதில்தான் சிக்கல் இருக்கின்றது.

அக்கருவியின் கதையைச் சிறிது காண்போம். அமெரிக்கப் படைத்துறை இதன் முதற் செய்மதியை 1978இல் ஏவியது. 1983 செப்டெம்பர் 1ஆம் நாள் கொரிய விமானமொன்று வழி தவறிச் சோவியத் வான்வெளியுட் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அதன்பின்னரே, இவ்வமைப்பு முற்றுப்பெற்றதும் உலக மக்கள் யாவருக்கும் கட்டணமின்றித் திறக்கப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. 1995இல் 24 செய்மதிகளுடன் அது முழுமை பெற்றது. பொதுமக்களுக்குரிய அலைகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டபோதே வீதியில் வண்டியோட்டுவோனுக்கு அது மெய்யாகவே பயன்படலாயிற்று. நிலத்துக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகளுள் நான்கின் ஒலிபரப்பேனும் எட்டினால் கருவி தன் இடத்தைக் கணித்துவிடும்.

பட்டிப்பொலவின் மூட்டம் அதற்கு ஒரு தடையே அன்று. மனிதக் கண்ணை மறைக்கும் மேகத்தை அவ்வலைகள் எளிதில் ஊடுருவுகின்றன. இத்துணைச் சிறப்பை யாரும் மறுத்தற்கில்லை. ஆழ்ந்த பள்ளத்தாக்கில் மட்டும், இருபுறமும் மலை நின்று வானத்தைக் குறுக்கிவிடுதலால் கணிப்புச் சிறிது தடுமாறும். கைத்தொலைபேசிச் சமிக்ஞை எட்டாத இடங்களில், முன்னரே சேமித்து வைக்காத படம் திரையில் தோன்றாது. இவை சிறு குறைகள். பெருங்குறை வேறு.

தான் நிற்கும் இடத்தைக் கருவி நன்கு அறியும். வீதியின் குணத்தை அவ்வளவு அறியாது. குறைந்த நேரத்திற் சேர்க்கும் வழியையே அது பெரும்பாலும் தேர்ந்துகொடுக்கும். மலைநாட்டிற் குறுகிய வழி என்றால் செங்குத்தான வழி என்று பொருள். நானுஓயாவிலிருந்து ரதல்ல ஊடாக இறங்கும் குறுக்கு வீதியை அறியாதார் இப்பக்கத்தில் இல்லை. 2023 ஜனவரி 20ஆம் நாள் இரவு, மாணவரை ஏற்றிச் சென்ற பேருந்து அச்சரிவிலே ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது. ஏழு உயிர்கள் போயின. அதற்கு எந்தக் கருவியும் காரணம் அன்று. படத்திலே மெல்லிய கோடாகத் தெரியும் ஒரு வழி மண்ணிலே எத்தகையது என்பதற்கே அது சான்று. நுவரெலியாவில் வளர்ந்த சாரதி அச்சரிவை நினைத்தவுடனே கியரைக் குறைப்பான். படத்தை மட்டும் பார்க்கிறவன் கோட்டின் நீளத்தையே பார்ப்பான்.

மூளையை ஆராய்வோரும் இதிற் சில கண்டிருக்கின்றனர். இலண்டன் நகரத்து வாடகைக் கார்ச் சாரதிகள், ஏறத்தாழ 25,000 தெருக்களை மூன்று நான்கு ஆண்டுகள் பாடுபட்டு மனத்திற் பதித்த பின்னரே அனுமதி பெறுகின்றனர். அவர்களது மூளையில் இடநினைவுக்குரிய ஹிப்போகம்பசின் பின்பகுதி ஏனையோரினும் பருத்திருந்ததை 2000ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. அதே நகரில் 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, கருவி சொன்னபடி திரும்புகையில் அப்பகுதி வாளாவிருப்பதையும், தாமே வழி தேடுகையில் அது கிளர்ந்தெழுவதையும் கண்டது. கருவியை நெடுங்காலம் மிகுதியாக நம்பியோரின் இடநினைவு மங்குகின்றது என 2020இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு தெரிவித்தது. ஆராய்ந்தோர் தொகை பெரிதன்று. ஆயினும் மூன்றும் ஒரு திசையையே காட்டுகின்றன.

எனவே தாயின் பக்கமா, தந்தையின் பக்கமா? கொழும்பின் ஒருவழித் தெருக்களில் மலைநாட்டு இளைஞனுக்குக் கருவி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அங்கே ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்தி வழி கேட்டல் ஆகாது. காகிதப் படத்தை மடியில் விரித்துக்கொண்டு ஓட்டுதல் கருவியினும் கேடானது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு அறியாத ஊருக்குப் போகவேண்டியவனிடம் கருவியை மறுப்பது மூடத்தனமேயாம். எனினும் அனுமதி பெற்ற முதற்சில மாதங்களே புதிய சாரதிக்கு ஆபத்து மிகுந்த காலம் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. அம்மாதங்களில் தன் ஊரைச் சுற்றியுள்ள வீதிகளையேனும் அவன் கருவியின்றி ஓட்டிப் பழகுதல் நன்று. அம்பேவெலவுக்கும் நுவரெலியாவுக்கும் ஒஹியவுக்கும் தந்தையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போய்வரலாம். எந்த வளைவில் ஹோன் அடிக்கவேண்டும், எந்த மதகில் ஒரு வண்டிக்கே இடமுண்டு, அறுவடைக் காலத்தில் உருளைக்கிழங்கு லொறி எங்கே நிற்கும் என்பன அப்போது தாமே படியும். அதன் பின்னர் வரும் கருவியை, பிழை சொன்னாற் பிழையென்று அறிந்து, அவன் தியோடோலைட்டாகக் கையாள்வான். முதல் நாளே வந்தால் அது கங்காணியாகிவிடும்.

தந்தை அறிந்தது கருவிக்கு ஏன் ஏறவில்லை என்பதற்குத் தோட்டங்களின் பெயர்களே சான்று. மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஏட்டிலும் படத்திலும் ஏறிய பெயர். மற்றையது அங்கே உழைத்தோர் இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர். ஒரு துரையின் பெயரோ, ஒரு மரமோ, பாறையோ, கோயிலோ அதற்கு அடியாயிருக்கும். ஒரு தோட்டத்திற்குள்ளேயும் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, பெரட்டுக்களம், பழைய ஸ்டோர் என்று இடந்தோறும் குறிகள் உண்டு. தூரத்திலிருந்து உறவினர் வீட்டுத் துக்கத்திற்கு வரும் வண்டி, படத்திலுள்ள ஆங்கிலப் பெயரை நம்பித் தொழிற்சாலை வாயிலில் வந்து நிற்கும். சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தாயிற்று என்று கருவி கூறிவிடும். போகவேண்டிய லயமோ இரண்டு மைலுக்கு அப்பால், வேறொரு மலைச்சரிவில் இருக்கும். பாட்டன் காலத்துப் பெயரைக் கொடுத்துத் தேடினால், அப்படியோர் இடம் இல்லை என்று திரை காட்டும். மலையிற் கொழுந்தெடுத்து நிற்கும் பெண்ணிடம் அதே பெயரைச் சொல்லிக் கேட்டால், கூடையை இறக்காமலே கையை நீட்டிக் காட்டுவாள்.