பிரித்து எடுத்துப் போகும் வீடு

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் மாளிகைமேடு இருக்கிறது. 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் வெளிவந்தன. தூண்கள் மரத்தில் இருந்திருக்கும் என்கிறார்கள். மரம் மக்கிப்போனது, அதைத் தாங்கிய கருங்கல் மிச்சமிருக்கிறது. மன்னன் வீட்டு மரத்துக்கு இப்படி ஓர் அடையாளம். அதே காலத்துச் சேரி வீட்டுக்குக் கால் நட்ட குழி எங்கே? சேரியே இல்லை என்று சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் வெட்டிவைத்த கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களில் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன.

இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. மண்ணுக்குக் கேடில்லாத மர வீடு, வட்டார மரபைச் சொல்லும் குடியிருப்பு என்று கட்டடக்கலை படித்தவர்கள் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் மரபு என்றால் யார் வீட்டு மரம்?

பெரம்பலூர் மாவட்டத்தில் மரம் என்றதும் அரும்பாவூர் பெயரைத்தான் சொல்வார்கள். வாகையிலும் மாவிலும் வேம்பிலும் சாமி செய்கிற ஊர். தேரும் செய்கிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைகளின் திறமையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தேர் எந்தத் தெருவரைக்கும் வரும், எந்தத் தெருவுக்கு வராது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

நம் தெருவுக்கு வந்த மரம் பனை. உடையார்பாளையம் பக்கத்தில் எங்கள் அப்பாயி இருந்த வீட்டில் நடுவே ரெண்டு கவைக்கால், மேலே முகட்டுவளை, சரிவுக்குப் பனங்கை, குறுக்கே வரிச்சு, அதுக்கு மேல கரும்புச் சோகை. கைக்கு எளம்பனை ஆகாது என்று அப்பாயி சொல்லும். வயசான மரமாப் பாக்கணும். பிளந்து, உள்ளே இருக்கிற சோத்தையெல்லாம் செதுக்கி எறிஞ்சிட்டு, கருகருன்னு வைரம் பாஞ்ச ஓரத்தை மட்டும் எடுத்து, குட்டையில ஊறப்போடணும். அப்பத்தான் பூச்சி அண்டாது. கூரை ஏத்துற அன்னிக்கித் தெருவே வந்து நிக்கும். கூலி கிடையாது, கஞ்சி உண்டு. இந்த அறிவை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதையே மரபு என்று கொண்டாடிவிடலாம். ஆனால் அப்பாயி இன்னொன்றும் சொல்லும். “மனை ஆண்டையோடது, கூரைதான் நம்மளது. எழுந்து போடான்னா கைய உருவிக்கிட்டு, வளையத் தோள்ல வச்சிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போவ வேண்டியதுதான். செங்கல் வச்சா விடுவானா? நெலம் ஒன்னோடதுன்னு ஆயிடும்ல?” அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் பறையர்களைப் பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பிலும் இதே சங்கதி இருக்கிறது: குடியிருக்கும் மனைக்கு மிராசுதார் உரிமை கொண்டாடுகிறான், அதைக் காட்டியே மிரட்டி வேலை வாங்குகிறான். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வர 1971 ஆனது. ஆக, பிரித்து எடுத்துப் போகத் தோதான அந்த வீடு அழகியல் பார்த்துப் பிறந்ததல்ல. நிலமில்லாதவனின் வீடு அது.

கூரை எரியும் என்பதும் எதிரிக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர். 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதற்குத் தந்த வேலை தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. அப்புறம் தொகுப்பு வீடுகள் வந்தன. அரியலூர் மண்ணுக்கடியில் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல். அதை வெட்டிச் சிமெண்டு ஆலைகள் ஓடுகின்றன. அரசு ஆலையே 1979இல் வந்தது. (அந்தக் கடலோரத்தில் சாய்ந்த மரம்தான் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கிறது. இந்தப் பக்கம் மரமே கல்லாகிவிடுகிறது!) சிமெண்டு வண்டியின் தூசி நம் தெருவுக்குத் தாராளமாக வந்தது. தொகுப்பு வீட்டுக்குச் சிமெண்டு அளவாகத்தான் வந்தது. ஒழுகாத தொகுப்பு வீட்டைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அதற்காகத் திரும்பக் கூரைக்குப் போவோம் என்று நான் சொல்லவில்லை. காங்கிரீட் நம்மைக் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. 2012இல் தருமபுரி நத்தம் காலனியில் சூறையாடி எரிக்கப்பட்டவற்றில் தளம் போட்ட வீடுகளும் உண்டு. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில் அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் நம் வீடுகளின் ஓடுகளை நொறுக்கினார்கள்.

2030க்குள் 8 லட்சம் குடிசைகளுக்குப் பதிலாக வீடு என்று 2024இல் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தார்கள். 360 சதுர அடி. அதில் 300க்குக் காங்கிரீட் தளம். மீதி 60க்கு, தீப்பிடிக்காததாக இருந்தால் போதும், கூரையை வீட்டுக்காரரே தீர்மானிக்கலாம். கூரை வேயக்கூடாது. அந்த 60 அடியில் பனங்கை வைத்து ஓடு போட்ட ஒரு தாழ்வாரம் இறக்கலாமே. பச்சைப் பனையை வெட்ட 2021 முதல் ஆட்சியர் அனுமதி வேண்டும். பழைய வீடுகளில் இருந்து பிரித்த கைகளே போதும். மரபு பேசுகிற கட்டடக்கலைக்காரர்கள் நம் கிழவன் கிழவிகளிடம் வந்து கேட்கட்டும். வரும்போது பட்டா இல்லாத குடும்பங்களின் பட்டியலையும் கையில் எடுத்து வரட்டும். பட்டா இல்லாதவனுக்கு இந்தத் திட்டத்திலும் வீடு இல்லை.

அப்பாயி வீட்டு முகட்டுவளை இன்னும் இருக்கிறது. தொகுப்பு வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டாயைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. போன மழையில் வீடு ஒழுகியபோது நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கடியில்தான் வைத்தோம்.