கச்சான்: திசையின் பெயர் சூட்டின் பெயரான கதை

தமிழ்க் கடற்கரைகளில் காற்றுக்கு வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் அது புறப்படும் திசையைச் சுட்டுவன. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசுவது கச்சான். பழைய இலக்கிய வழக்கில் மேல்காற்றுக்குக் கோடை என்ற பெயர் இருந்தது. அச்சொல் இன்று வெயிற்காலத்தையே குறிக்க, மீனவர் பேச்சில் கச்சான் உயிரோடு இருக்கிறது.

இராமேசுவரம் கரையில் கச்சான் என்றால் கடலைக் கலக்கிப் படகுகளைக் கரையிலேயே கட்டிவைக்கும் காற்று. அங்கு அச்சொல்லில் சூடு முதன்மையானதன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால், இலங்கையின் கிழக்குக் கரையான மட்டக்களப்பில் அதே சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது உடலை வாட்டும் வெக்கை. இப்பொருள் மாற்றத்துக்குக் காரணம் தீவின் நடுவே நிற்கும் மலை. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலையைச் சிகரமாகக் கொண்ட மத்திய மலைநாட்டில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, தன் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டுவது இதனால்தான். ஈரமிழந்து மறுபுறம் இறங்கும் காற்று, ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வீதம் சூடேறி, கிழக்குச் சமவெளியை அடைகையில் உலர்ந்த அனலாகிவிடுகிறது. வழக்கமாகப் பகலில் கரைக்கு ஆறுதல் தரும் கடற்காற்றையும் அது உள்ளே வரவிடாமல் தடுத்துவிடுவதால், சூன், சூலை மாதங்களில் மட்டக்களப்பின் வெப்பம் 38 பாகையை நெருங்குவதுண்டு. சிறுபோகம் எனப்படும் அப்பருவத்து நெல் வேளாண்மை குளத்து நீரையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க வானிலைக் கழகத்தின் கலைச்சொற்கோவை கச்சானை ஏற்றுக்கொண்டபோது, இலங்கை மலையின் காற்று மறைவில் வீசும் வெப்பக்காற்று என்னும் இக்குறுகிய பொருளையே எடுத்துக்கொண்டது. மீனவர் வைத்த திசைப்பெயர், ஒரு மலையின் தயவால், அறிவியலில் ஒரு காற்றுவகையின் பெயராயிற்று.

இலங்கைக்குச் செல்ல ஏற்ற மாதம் எது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்காததும் இம்மலையால்தான். கொழும்பு, காலி முதலிய மேற்கு, தெற்குக் கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச்சு வரை நல்ல காலம். அதன் முற்பகுதியில் வடகீழ்ப் பருவமழை கிழக்கை நனைத்துக்கொண்டிருக்கும். திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பை ஆகியவற்றுக்கு மே முதல் செப்டம்பர் வரை உகந்தது என்று பயண வழிகாட்டிகள் கூறுவது கடலின் அமைதியைக் கருதினால் சரியே. ஆனால் அவை கச்சானைப் பற்றி வாய் திறப்பதில்லை. கரையைவிட்டு உள்ளே போகிறவர்கள் காலையிலும் மாலையிலும் நடமாடி, நண்பகலை நிழலில் கழிப்பதே நலம்.

அக்காலத்தின் தொடக்கத்தில், வைகாசி மாதத்தில், மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி கோயில்களில் அம்மனின் சினம் தணியக் குளிர்த்திச் சடங்கு நடைபெறுகிறது. அத்தகைய திருவிழா வீதிகளில் ‘கச்சான்’ என்று கூவும் குரலைக் கேட்டு வெளியூரார் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை: இலங்கைத் தமிழில் வேர்க்கடலைக்கும் அதுவே பெயர்.