பேய் தேடக் கிளம்பும் வாலிபர்களே... மொதல்ல பகல்ல ஒரு நடை போய்ட்டு வாங்க!

கோவை,

அமாவாசை ராத்திரி. ரெண்டு பைக், நாலு பேர், ஆளுக்கொரு செல்போன். பாழடைந்த மில் குடோனுக்கோ, ஊருக்கு வெளியே ஆளில்லாத தோட்டத்துச் சாளைக்கோ போய் "பேய் இருக்கா, இல்லையா" என்று வீடியோ எடுக்கும் ஆசை வாலிபர்களை இப்போது நல்லாவே பிடித்து ஆட்டுகிறது.

டெல்லியில் கவுரவ் திவாரி என்பவர் 2009-ல் இந்தியன் பாராநார்மல் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கி இதை முழு நேர வேலையாகவே செய்தார். 2016-ல் அவர் இறந்து விட்டார். லண்டனில் 1882-லேயே இதற்கு ஒரு சங்கம் ஆரம்பித்து விட்டார்கள். ஆனால் கோவைக்காரர்கள் தொழில் கற்க டெல்லிக்கும் லண்டனுக்கும் போக வேண்டியதில்லை. நம்ம போத்தனூரிலேயே ஒருத்தர் இருந்தார்.

போத்தனூர் பிரேமானந்த்

பி.பிரேமானந்த். 1930-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். போத்தனூரில் இருந்து கொண்டு 1988 முதல் 'இந்தியன் ஸ்கெப்டிக்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தினார். அமானுஷ்ய சக்தியை சோதனைக்கு உட்பட்டு நிரூபித்துக் காட்டினால் ரூ.1 லட்சம் தருகிறேன் என்று அறிவித்திருந்தார். 2009 அக்டோபரில் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை ஒருத்தரும் வாங்கவில்லை.

இந்த சவாலை முதலில் விட்டவர் கொழும்பில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர். 'பேய் வீடு' என்று சொன்ன இடத்துக்கெல்லாம் நேரில் போய் விசாரித்தவர். 1978-ல் அவர் மறைந்த பிறகு பிரேமானந்த் அதைக் கையில் எடுத்தார். மந்திரம் போட்டு தீ வரவழைப்பது போன்ற வித்தைகளை ஊர் ஊராகப் போய் தானே செய்து காட்டி, அதன் குட்டையும் உடைத்தார். 'பேய் தீ' வைக்கும் பாஸ்பரசுக்கு மந்திரம் தேவையில்லை. காற்றுப் பட்டாலே பற்றிக் கொள்ளும்.

சத்தம் எங்கிருந்து வருது?

இடத்தை முதலில் பகலில் பார்க்க வேண்டும். கூரை என்ன, ஜன்னல் எது உடைந்திருக்கு, பக்கத்தில் என்ன மரம் என்று ஒரு நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை ராத்திரி குளிரும்போது சுருங்கி 'டக் டக்' என்று சத்தம் போடும். பனை மரத்தில் தொங்கும் காய்ந்த ஓலை காற்றுக்கு உரசினால் யாரோ நடக்கிற மாதிரியே கேட்கும். வெள்ளை மூஞ்சிக் கூகை பாழடைந்த கட்டடத்தில்தான் குடியிருக்கும். அது கீச்சிட்டால் தைரியசாலிக்கும் வயிறு கலங்கும். மயில் வேறு. நம்ம பக்கம் மயிலுக்கா பஞ்சம்? நடுராத்திரியில் அது அகவினால் யாரோ அழுவது போல இருக்கும்.

இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற என்ஜினீயர் தான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றை ஓரக்கண்ணில் பார்த்தார். உடம்பு வேர்த்து விட்டது. கடைசியில் புதிதாக மாட்டிய காற்றுப் போக்கி பேன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். காதுக்குக் கேட்காத, வினாடிக்கு சுமார் 19 அதிர்வு உள்ள சத்தம் அதிலிருந்து வந்ததாக 1998-ல் எழுதினார். பேனை நிறுத்தியதும் எல்லாம் நின்று விட்டதாம்.

கடையில் விற்கும் 'பேய் மீட்டர்' உண்மையில் மின்காந்த அலையை அளக்கும் கருவி. சுவருக்குள் ஓடும் வயர், உங்கள் பாக்கெட்டில் இருக்கும் செல்போன் எல்லாத்துக்கும் அது லைட் போடும். போட்டோவில் விழும் வெள்ளை உருண்டை பெரும்பாலும் பிளாஷ் வெளிச்சம் பட்ட தூசிதான். காசைக் கொட்டாதீங்க. நல்ல டார்ச், நோட்டு, பேனா போதும்.

நைட் ஷிப்டுக்காரர்கள் கவனத்துக்கு

நெஞ்சு மேல் ஏறி அமுக்கியது, கத்த முடியவில்லை என்பார்கள். 'அமுக்குவான் பேய்' என்று பெயர். மூளை விழித்து உடம்பு விழிக்காத நிலை அது. ஷிப்ட் மாறி மாறி பார்ப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம் வரும். அதனால் பேயைப் பார்த்தேன் என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "படுத்திருந்தீங்களா, நின்னுட்டு இருந்தீங்களா?" என்பதுதான்.

நிஜ ஆபத்து

"அந்தக் கிணத்துப் பக்கம் போகாத கண்ணு, முனி இருக்கு" என்று பாட்டிமார் சொல்வார்கள். முனி இருக்கோ இல்லையோ, கைப்பிடிச் சுவர் இல்லாத ஆழக் கிணறு நிச்சயம் இருக்கும். தோட்டத்துக்குள் இருட்டில் பின்னால் நகர்ந்து கொண்டே வீடியோ எடுப்பது தற்கொலைக்கு சமம். பாழுங்கிணற்றில் இறங்கவே கூடாது. தேங்கிய வாயு ஆளை மயக்கி விடும். தடாகம், மருதமலை, ஆனைகட்டி பக்கம் ராத்திரி யானை நடமாடும். பர்மிஷன் இல்லாமல் காப்புக்காட்டில் நுழைந்தால் வனத்துறை கேஸ் போடும்.

பூட்டிய கட்டடமானாலும் சொந்தக்காரர் ஒருத்தர் இருப்பார். அவரிடம் எழுதி வாங்குங்கள். பக்கத்து போலீஸ் நிலையத்திலும் சொல்லி வைப்பது நல்லது. அத்துமீறி நுழைந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 329-வது பிரிவு இருக்கிறது. மயானத்தில் புகுந்து மற்றவர் மனம் புண்படும்படி நடந்தால் 301-வது பிரிவு, ஓராண்டு வரை ஜெயில். ரெயில் தண்டவாளம் என்றால் ரெயில்வே சட்டம் 147. வீட்டின் பெயரை, தெருவின் பெயரை வீடியோவில் போடாதீர்கள். 'பேய் வீடு' என்று ஒருமுறை பேர் வந்து விட்டால் அதற்கு வாடகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

கூரையில் கல் விழுது, துணி தானா எரியுது என்று கூப்பிட்டால் ரொம்ப நிதானம் தேவை. இது மாதிரி சம்பவங்களில் அந்த வீட்டிலேயே மனசு நொந்து கிடக்கும் ஒருத்தர்தான் காரணமாக இருப்பார் என்பது கோவூரின் அனுபவம். பெரும்பாலும் அது சின்னப் பிள்ளையாகவோ மருமகளாகவோ இருக்கலாம். அவரை கேமரா முன் நிறுத்தி "கண்டுபிடிச்சிட்டோம்" என்று கத்துவது பாவம்.

"எங்க பொண்ணுக்குப் பேய் பிடிச்சிருக்கு, வந்து பாருங்க" என்று அழைத்தால் போகவே போகாதீங்க. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந்தேதி நடந்த தீ விபத்தில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட வழியில்லாமல் செத்தார்கள். கோவை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அந்த நம்பரை அந்த வீட்டுக்காரர் கையில் எழுதிக் கொடுத்து விட்டு வாருங்கள்.