விண்ணொளியைப் பதித்த கருவிகள்

2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், பிற்பகல் ஒரு மணி கழிந்து சிறிது பொழுதில், சிங்கப்பூர் வானத்தில் ஞாயிறு ஒரு பொன்வளையமாய் நின்றது. நிலவு ஞாயிற்றின் நடுப்பகுதியை மறைத்து விளிம்பை மட்டும் விட்டுவைத்த கங்கணக் கிரகணம் அது. வளையம் நீடித்தது ஏறத்தாழ இரண்டு நிமிடமே. அதே நிழல் அன்று காலையில் காசர்கோட்டுக் கடற்கரையில் கரையேறி, நீலகிரி, கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியே சென்று, யாழ்ப்பாணத்தைத் தொட்டுக் கடல் கடந்து, சுமத்திரா வழியாகச் சிங்கப்பூரை அடைந்திருந்தது. தமிழ் வழங்கும் மூன்று நிலங்களையும் ஒரே நாளில் இணைத்த நிழல் என்று அதனைக் கூறலாம்.

ஏறத்தாழ இதே தடத்தில் 148 ஆண்டுகளுக்கு முன்னரும் ஒரு நிழல் சென்றது. 1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைப்பே அது. அன்று அந்நிழலை எதிர்கொண்டோர் விரல்விட்டு எண்ணத்தக்க சில குழுவினரே. அவர்கள் ஏந்திய கருவிகளோ வண்டிகளில் ஏற்றிச் செல்லத்தக்கவை. 2019இல் நிழல் வந்தபோது, அவரவர் சட்டைப்பையிலேயே ஒரு படக்கருவி இருந்தது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட மாற்றத்தை அறிவது, இன்று வீட்டுத் தொலைநோக்கிக்கு ஏற்ற மின்னிலக்கக் கேமராவைத் தேட முனையும் மாணவர்க்கு, கடைக்காரர் தரும் விலைப்பட்டியலைவிடப் பெரிதும் பயன்படும்.

கண்ணும் கையும்

படக்கருவி தோன்றுமுன் வானத்தைப் பதித்தவை மனிதரின் கண்ணும் கையுமே. சென்னை வானாய்வகத்தில் முதல் துணைவராய்ப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி இம்மரபில் தலைசிறந்து விளங்கியவர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த அவர், 1867இல் ரெட்டிக்குலம் என்னும் தென்வான் குழுவிலுள்ள ஒரு விண்மீன், நாளடைவில் ஒளி கூடியும் குறைந்தும் வருவதைக் கண்டறிந்தார். 1868ஆம் ஆண்டுக் கிரகணத்தை வனபர்த்தியிலும், 1871ஆம் ஆண்டுக் கிரகணத்தை அவிநாசியிலும் இருந்து நோக்கினார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 

கண்ணின் திறம் எத்துணைச் சிறந்ததாயினும், அதற்கு ஒரு குறை உண்டு. கண்டவர் கண்டதைப் பிறர் மீண்டும் காண இயலாது. கிரகணத்தின்போது ஞாயிற்றைச் சூழ்ந்து தோன்றும் ஒளிமுடியை ஒரே இடத்திலிருந்து இருவர் வரைந்தால், இரண்டு ஓவியங்களும் வேறுபட்டன. எது மெய் என்று தீர்ப்பதற்கு வழியில்லாதிருந்தது. இந்த வழக்கைத் தீர்க்க வந்த சான்றே ஒளிப்படம்.

தகட்டின் காலம்

1840இல் அமெரிக்க அறிஞர் ஜான் வில்லியம் டிரேப்பர் வெள்ளித் தகட்டில் நிலவின் உருவைப் பதித்தார். 1850இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேகா விண்மீன் பதிக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் வந்த ஈரத்தகட்டு முறையே 1868, 1871 ஆகிய ஆண்டுகளின் கிரகணங்களுக்கும் துணைநின்றது. கண்ணாடியில் பசைமருந்தைப் பூசி, அஃது உலருமுன் ஒளியைப் படச்செய்து, உடனே கழுவி உருவை வெளிக்கொணர வேண்டும். இவை யாவும் ஏறத்தாழக் கால்மணி நேரத்திற்குள் முடிய வேண்டும். நீலகிரித் தொட்டபெட்டாவிலும், மேற்குக் கடற்கரைப் பேக்கலிலும் இருந்த குழுவினர் 1871இல் இவ்வாறே ஒளிமுடியைப் பதித்தனர். இரண்டு இடங்களின் தகடுகளையும் பின்னர் அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது. ஒருவர் கண்டதற்கு இன்னொருவர் பதிவு சான்றாயிற்று.

1871ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் உலர்தகட்டு முறையும் பிறந்தது. அது வானியலின் போக்கையே மாற்றியது. மருந்து உலர்ந்துவிடுமே என்னும் அச்சம் நீங்கியதால், தகட்டை நெடுநேரம் ஒளிக்குக் காட்டி வைக்க முடிந்தது. 1880இல் மேற்கூறிய டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்து, ஓரியன் ஒளிமுகிலைப் பதித்தார். கண் ஒரு நொடியில் காண்பதற்கு மேல் எத்துணை நேரம் உற்று நோக்கினும் மிகுதியாகக் காணாது. தகடோ காணக் காணச் சேர்த்துவைக்கும். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழி ஒளிக்கும் பொருந்துமென்பதை உலகம் அன்று அறிந்தது.

தமிழகத்தில் இக்கலையின் பெருங்கருவூலம் கோடைக்கானல் வானாய்வகம். 1899இல் சென்னையிலிருந்து ஞாயிற்று ஆய்வுப்பணி அம்மலைக்கு மாற்றப்பெற்றது. 1904 முதல் வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் ஞாயிற்றைத் தகட்டில் பதித்து வந்தனர். 1909இல் ஜான் எவர்ஷெட் ஞாயிற்றுக் கரும்புள்ளிகளில் வளிமப் பொருள்கள் வெளிநோக்கிப் பாய்வதை அங்கேயே கண்டறிந்தார். நூற்றாண்டுக்கு மேற்பட்ட அப்பதிவுகள் இப்போது மின்னிலக்க வடிவில் மாற்றப்பெற்று, உலக ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. அத்தகடுகளின் மதிப்பு, அவற்றுள் ஏதேனும் ஒன்றின் அழகால் வந்ததன்று. நாள்தோறும் ஒரே முறையாக, நாளும் நேரமும் குறித்துப் பதித்த ஒழுங்கால் வந்தது.

சில்லின் காலம்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவர், ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்துவைக்கும் சிசிடி என்னும் சில்லைப் படைத்தனர். அதற்காக 2009இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு முதல் மின்னிலக்கக் கேமராவை அமைத்தார். 3.6 கிலோ எடையுள்ள அக்கருவி, நீளத்தில் 100, அகலத்தில் 100 எனப் பத்தாயிரம் படப்புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படத்தைத் தந்தது. ஒரு படத்தை நாடாவில் எழுத 23 நொடி ஆயிற்று.

வானியலார் இச்சில்லை விரைந்து ஏற்றதற்குக் காரணம் உண்டு. தகட்டில் நூறு ஒளித்துகள் விழுந்தால், பதிவாவது இரண்டு மூன்றே. நல்ல சில்லில் எண்பது, தொண்ணூறு வரை பதிவாகும். மேலும், சில்லு தருவது எண்களாகையால், ஒளியை ஓவியமாகக் காண்பதோடு அளந்தும் பார்க்கலாம். 1990களில் சீமாஸ் என்னும் மலிவான சில்லு வகை வளர்ந்தபின், பேராய்வகத்திற்கே உரியதாய் இருந்த இத்திறம் பொதுமக்கள் கைக்கும் வந்து சேர்ந்தது.

சிங்கப்பூர் வானம்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மின்னணுப் பொருள் வாங்குவோர், சையது ஆல்வி சாலை முஸ்தபா நிலையத்தையும், ரோச்சோர்க் கால்வாய்ச் சாலைச் சிம் லிம் சதுக்கத்தையும் நாடுவர். கேமராப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் காணப்படுவது படப்புள்ளிகளின் எண்ணிக்கை. வானத்தைப் பதிக்க விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது அதுவன்று. எதைப் பதிக்க விரும்புகிறோம், எந்த வானத்தின்கீழ் நிற்கிறோம் என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டபின்னரே கருவியின் பேச்சு எழ வேண்டும்.

நிலவையும் கோள்களையும் பதிப்பதற்குச் சிங்கப்பூர் ஏற்ற இடம். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒன்றேகால் பாகை அளவில் அமைந்திருப்பதால், கோள்கள் இங்கே தலைக்கு மேலாகச் செல்கின்றன; அவற்றின் ஒளி குறைந்த காற்றுப்படலத்தையே கடந்து வருகிறது. அவை ஒளி மிக்கவையாதலால் நெடுநேரப் பதிவு வேண்டா. நொடிக்குப் பல படங்களை எடுக்கவல்ல, கணினியோடு இணையும் சிறு கேமரா போதும். ஆயிரக்கணக்கான படங்களுள் காற்று அசையாத கணங்களில் கிடைத்தவற்றைத் தெரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் தெளிந்த உருவம் கிடைக்கும். 2010ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், வியாழன் கோளின்மீது ஏதோ ஒன்று மோதி எழுந்த ஒளிக்கீற்றை ஆஸ்திரேலியாவில் அந்தோணி வெஸ்லி என்னும் ஆர்வலர் கண்டார். பிலிப்பீன்சின் செபு நகரில் கிறிஸ்டோஃபர் கோ என்பவர் எடுத்திருந்த பதிவில் அதே கீற்று காணப்பட்டு, செய்தி மெய்யாயிற்று. தொட்டபெட்டாத் தகடும் பேக்கல் தகடும் ஒன்றற்கொன்று சான்றானது போன்றதே இதுவும்.

நிலவின் முழு உருவை ஒரே படத்தில் அடக்க விரும்புவோர்க்கு எளிய கணக்கொன்று உண்டு. தொலைநோக்கியின் குவியத் தொலைவை 110ஆல் வகுத்தால், சில்லின்மேல் விழும் நிலவுருவின் அகலம் கிடைக்கும். 1,000 மில்லிமீட்டர் குவியத் தொலைவெனில், உருவம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். சில்லு அதனினும் பெரிதாய் இருத்தல் வேண்டும்.

ஒளிமுகில்களைப் பதிப்பதோ கடினம். 2016இல் வெளிவந்த உலக ஆய்வொன்று, இரவு வானம் செயற்கை ஒளியால் மிகுதியாக வெளுத்துப்போன நாடு சிங்கப்பூரே என்று காட்டியது. தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் நிற்போர் அதற்காக வருந்தார். ஆயினும் அந்த ஒளிக்குப் பின்னால் மறைவது பால்வீதி. இத்தகைய வானத்தில் ஐதரசன் வளிமம் உமிழும் 656.3 நானோமீட்டர்ச் சிவப்பொளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி உதவும். பொதுக் கேமராக்களிலோ அச்சிவப்பைப் பெரிதும் தடுக்கும் கண்ணாடி ஒன்று சில்லின் முன்னே பொருத்தப்பட்டுள்ளது. இக்குறையை நீக்கியே 2005இல் கேனன் நிறுவனம் 20டிஏ என்னும் வானியல் கேமராவையும், 2015இல் நிக்கான் நிறுவனம் டி810ஏ என்னும் கேமராவையும் வெளியிட்டன. இப்போது ஆர்வலர் பலரும் குளிரூட்டும் அமைப்புடைய தனி வானியல் கேமராவை நாடுகின்றனர். சிங்கப்பூரின் இரவு வெப்பத்தில் சில்லு சூடேறி, ஒளி விழாத இடத்திலும் பொய்ப்புள்ளிகளை உண்டாக்குமாதலால், குளிரூட்டல் இங்கே இன்றியமையாதது.

கேமராவைவிட முதன்மையானது அதனைத் தாங்கும் தளம். புவி மணிக்கு 15 பாகை சுழலுவதால், நெடுநேரப் பதிவிற்குத் தொலைநோக்கியும் விண்மீனைத் தொடர்ந்து திரும்ப வேண்டும். அதற்குத் தாங்கியின் அச்சு துருவ விண்மீனை நோக்க வேண்டும். சிங்கப்பூரில் அவ்விண்மீன் அடிவானத்தை ஒட்டிக் கட்டடங்களுக்குப் பின்னே மறைந்திருக்கிறது. அச்சும் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாய்ச் சாய வேண்டியுள்ளது. அவ்வளவு தாழச் சாயாத தாங்கிகளும் கடைகளில் உண்டு. ஆதலின், முழுப்பணத்தையும் கேமராவிற்கே செலவிட்டுத் தாங்கிக்குக் கைவிரிப்போர் ஏமாற்றமே அடைவர்.

திருவாதிரையின் பாடம்

பெருஞ்செலவு செய்ய இயலாத மாணவர்க்கு வாயில் அடைபட்டதா எனின், இல்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில், சிங்கப்பூரில் கங்கணக் கிரகணம் தோன்றிய அதே திங்களில், திருவாதிரை விண்மீன் வழக்கத்திற்கு மாறாக ஒளி குன்றி வந்தது. 2020 பிப்ரவரியில் அஃது இயல்பான ஒளியில் பாதிக்கும் கீழாய்த் தாழ்ந்து, பின்னர் மீண்டது. அவ்விண்மீன் உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசியாகி அதனை மறைத்ததென்று பின்னர் விளக்கினர். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணிக்க உதவியவற்றுள் உலகெங்குமுள்ள எளிய ஆர்வலர்களின் அளவீடுகளும் அடங்கும். 1911 முதல் இயங்கிவரும் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் அத்தகைய அளவீடுகளைத் தொகுத்து வருகிறது.

திருவாதிரை, வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் தாழ்வாரத்திலிருந்தும் தெரியக்கூடிய விண்மீன். அதன் ஒளியை அளக்கக் குளிரூட்டிய கேமரா வேண்டா. விலையுயர்ந்த தொலைநோக்கியும் வேண்டா. திருத்தம் செய்யாத மூலப்படத்தைச் சேமிக்கும் ஒரு பழைய கேமராவும், அசையாத முக்காலியும் போதும். ஒளி மாறாத அண்டை விண்மீன்களையும் அதே படத்தில் அடக்கி, அவற்றோடு ஒப்பிட்டு அளக்கலாம். இரகுநாதாச்சாரி கண்ணால் செய்த பணியை, சிங்கப்பூர் மாணவர் ஒருவர் சில்லால் தொடரலாம்.

ஞாயிற்றை நோக்குவோர் தொலைநோக்கியின் முன்புறத்தில் உரிய வடிகட்டியைப் பொருத்தாமல் கண்ணையோ கேமராவையோ அதனருகே கொண்டுசெல்லுதல் ஆகாது. இவ்வொன்றில் சிக்கனம் கூடாது. மற்றவற்றிலெல்லாம் தம் வானத்திற்கும் நோக்கத்திற்கும் ஏற்ற எளிய கருவியைத் தேர்ந்து, எடுத்த ஒவ்வொரு படத்தோடும் நாள், நேரம், இடம், ஒளி பட்ட அளவு ஆகியவற்றை எழுதி வைப்பாராக. கோடைக்கானலில் தகட்டின் ஓரத்தில் நாளைக் குறித்தவர்களுக்கு, அத்தகடு நூறாண்டுக்குப் பின் யாருக்குப் பயன்படும் என்பது தெரியாது; எனினும் அவர்கள் எழுதி வைத்தார்கள்.