வாய்ப்புற்றும் உணவும்

கோட்டுகால் முதலான நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களுக்கு அருகிலுள்ள பெரிய சிகிச்சை நிலையம், 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் வாய்ப்புற்றுக்கு முக்கியக் காரணம்.

கட்டி தூண்டும் அழற்சி, பசியைக் குறைத்துத் தசையையும் கரைக்கிறது. அதனால் சிகிச்சைக்கு முன்பே உடல் இளைக்கலாம். கதிர்வீச்சில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டு வாய் வறளும், புண்ணாகும், ருசி மாறும். காரமான மீன்குழம்பு எரியும். மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்காது. கஞ்சி இறங்கும். ஆனால் வெறுங்கஞ்சியில் புரதம் மிகக் குறைவு என்பதைக் குடும்பத்தார் அறிவது மிக அவசியம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. குழைத்த பயறு, அவித்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன், தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை தரலாம். விழுங்கவே முடியாதபோது மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவார்கள்.