விமானத்துக்குள் சுழலும் பம்பரமும் அதைச் சுழற்றிய பம்பும்

மேகத்துக்குள் நுழைந்துவிட்ட விமானி தன் உடம்பு சொல்வதை நம்பக் கூடாது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். ஆனால் நேராகத்தான் போகிறோம் என்று உட்காது அடித்துச் சொல்லும்! 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. வெளியே எதுவும் தெரியாதபடி செய்ததும் 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடம் கூட இல்லை.

இந்த ஆபத்துக்கான விடை அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில், ஜிம்மி டூலிட்டில் தன் இருக்கையைத் துணிக்கூடாரத்தால் மூடிக்கொண்டு, கருவிகளை மட்டுமே பார்த்துப் புறப்பட்டு, சுற்றி வந்து, தரையிறங்கினார். அந்தக் கருவிகளில் ஒன்று ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கை அடிவானம்.

அதற்குள் இருப்பது ஒரு பம்பரம்தான். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்கும் அல்லவா? அதே தத்துவம். கருவிப் பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்று வடிகட்டி வழியாகப் பாய்ந்து வந்து சக்கரத்தின் பள்ளங்களில் மோதும். சக்கரம் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலும்.

சரி, காற்றை உறிஞ்சுவது யார்? முதலில் விமானத்தின் வெளியே பொருத்திய வெஞ்சுரி குழல். அதற்கு எதிர்க்காற்று வேண்டும். பனி உறைந்தால் அடைத்துக்கொள்ளும். அடுத்து வந்தது எஞ்சினே சுற்றும் 'ஈர' பம்பு. எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி நீண்ட நாள் உழைத்தது. ஆனால் அது வெளியே தள்ளும் காற்றில் ஆயிலும் கலந்து வந்து விமானத்தின் வயிற்றை அழுக்காக்கியது.

1960-களில் 'உலர்' பம்பு பரவியது. இதில் ஆயில் கிடையாது. சுழலியும் தகடுகளும் கிராஃபைட்டால் ஆனவை, கிட்டத்தட்ட பென்சில் முனை போல. தேயும்போது உதிரும் கரித்தூளே மசகாகிறது. எடை குறைவு, அழுக்கும் இல்லை. ஆனால் பென்சில் முனையைப் போலவே, உடையும்போது சொல்லாமல் கொள்ளாமல் உடையும்!

பழைய பம்புக்கு உணவாக இருந்த ஆயில் புதிய பம்புக்கு விஷமானது. எஞ்சினைக் கழுவும்போது சிறிது திரவம் உள்ளே போனால், கரித்தூளோடு சேர்ந்து பசையாகி இறுகிவிடும். இறுகிப்போன பழைய ரப்பர் குழாயின் துணுக்கு, இணைப்பில் சுற்றிய டேப்பின் துண்டு, முன்பு உடைந்த பம்பு விட்டுச் சென்ற கரித்துகள் எல்லாமே அடுத்த பம்பை உடைக்கும். வடிகட்டி அடைத்தாலும் குழாய் மடங்கினாலும் பம்பு கூடுதலாக உழைத்துச் சூடாகும். அதனால்தான் பம்பை மாற்றும் மெக்கானிக் பம்போடு நிற்பதில்லை. குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, இறுகியவற்றை மாற்றி, புது வடிகட்டி போட்டு, உறிஞ்சும் அழுத்தத்தையும் சரிபார்க்கிறார்.

பம்பு நின்றால் பம்பரம் உடனே நிற்காது என்பதுதான் கொடுமை. வேகம் குறையக் குறைய அடிவானக் கோடு மெதுவாகச் சாயும். மேகத்துக்குள் இருக்கும் விமானி, விமானம்தான் சாய்கிறது என்று எண்ணி அதற்கேற்பத் திருப்புவார். பொய் சொல்லும் கருவியை நம்பி, நேராகப் போன விமானத்தைத் தன் கையாலேயே சாய்த்துவிடுவார். பலர் இப்படித்தான் உயிரிழந்தார்கள். உறிஞ்சும் அழுத்தம் காட்டும் மானியையும் மற்ற கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க விமானிகளுக்குப் பயிற்சி தருவது இதற்காகவே.

2000-களின் நடுப்பகுதியிலிருந்து புதிய சிறு விமானங்களில் மின்னணுத் திரைகள் இடம்பிடித்தன. ஆனாலும் பழைய விமானங்கள் பலவற்றில் அந்தப் பம்பரம் இன்றும் காற்றால்தான் சுழல்கிறது. அங்கே விமானியின் உயிர், கண்ணுக்குத் தெரியாத ஒரு ரப்பர் குழாயின் உட்புறம் எவ்வளவு சுத்தம் என்பதைப் பொறுத்திருக்கிறது.