இளம் பன்றிகளை ஒரே வாரத்தில் பருவத்துக்குக் கொண்டுவந்த கதை

பன்றிப் பண்ணையில் என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் ஒரு கூட்டம் இளம் பெண் பன்றிகளை ஒரே வாரத்தில் சினைப்பருவத்துக்குக் கொண்டுவர, விஞ்ஞானிகள் ஏறக்குறைய ஐம்பது வருடம் போராடியிருக்கிறார்கள்.

முதலில், இது எதற்கு? பன்றி சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினையானால் சுமார் 114 நாளில் குட்டி போடும். எல்லாம் ஒன்றாகச் சினையானால் ஒன்றாக ஈனும். குட்டி அதிகமுள்ள தாயிடமிருந்து குறைவாக உள்ள தாயிடம் சில குட்டிகளை மாற்றி விடலாம். கொட்டகையை மொத்தமாகக் காலி செய்து கழுவிவிட்டு அடுத்த கூட்டத்தை விடலாம். நோய் பரவுவது குறையும்.

ஏற்கெனவே ஈன்ற பன்றிகளிடம் இது சுலபம். பால் குடிக்கும் குட்டிகளை ஒரே நாளில் பிரித்துவிட்டால், பெரும்பாலான தாய்கள் 4 முதல் 7 நாட்களில் தானாகவே பருவத்துக்கு வந்துவிடும். ஆனால் இளம் பன்றியிடம் பிரிப்பதற்குக் குட்டி ஏது? சிக்கலே இங்கேதான்.

1951-ல் அமெரிக்காவின் உல்பெர்க், கிரம்மர், காசிடா ஆகியோர் இளம் பன்றிகளுக்கு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஊசி போட்ட ஆய்வை வெளியிட்டார்கள். மருந்து கொடுக்கும்வரை பருவம் தள்ளிப்போனது, நிறுத்தியதும் திரும்பியது. அடிப்படைத் தத்துவம் கிடைத்துவிட்டது. ஆனால் அளவு குறைந்தால் சினைப்பையில் நீர்க்கட்டிகள் வந்தன.

அடுத்து வந்தது மெத்தாலிபியூர். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் மருந்து. தீவனத்தில் கலந்தே கொடுக்கலாம். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை இது அடக்கி வைக்கும். 1968-ல் கேம்பிரிட்ஜின் கிறிஸ்டோபர் போல்ஜ் குழுவினர், இந்த மருந்தை நிறுத்தியபின் ஹார்மோன் ஊசிகள் போட்டு, கருமுட்டை வெளிவரும் நேரத்தையே குறித்துக் காட்டினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றே தோன்றியது. ஆனால் சினைப் பன்றி இதைத் தின்றால் குட்டிகள் ஊனமாகப் பிறந்தன. தாலிடோமைட் மாத்திரையின் கொடுமையை உலகம் 1961-ல்தான் பார்த்திருந்தது. மேற்கு நாடுகளின் சந்தையிலிருந்து மெத்தாலிபியூர் விலகியது. ஆனால் கிழக்கு ஜெர்மனியின் பெரிய பண்ணைகளில் அதன் துத்தநாக வடிவம் தொடர்ந்து பயன்பட்டது.

சரி, மாட்டுக்குப் போடும் புராஸ்டாகிளாண்டின் ஊசியைப் போடலாமே? அதுவும் சரிவரவில்லை. கருமுட்டை வெளிவந்த இடத்தில் உருவாகி, அடுத்த பருவத்தைத் தடுத்து வைக்கும் கட்டிக்கு கார்பஸ் லூட்டியம் என்று பெயர். மாட்டில் ஐந்தாறு நாளிலேயே இந்த ஊசி அதைக் கரைத்துவிடும். பன்றியில் சுமார் 12 நாள் ஆகும்வரை அது அசைந்து கொடுப்பதில்லை.

கடைசியில் கைகொடுத்தது பிரெஞ்சு நிறுவனமான ரூசெல் உக்லாஃபின் ஆல்ட்ரெனோஜெஸ்ட். அமெரிக்காவில் 2003-ல் 'மேட்ரிக்ஸ்' என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. தினம் 15 மில்லிகிராம் வீதம் 14 நாள் தீவனத்தின் மேல் ஊற்ற வேண்டும். நிறுத்திய 4 முதல் 9 நாட்களுக்குள் பெரும்பாலானவை பருவத்துக்கு வரும். ஆனால் ஒரு பன்றி தன் பங்கை முழுதாகத் தின்னாவிட்டால், 1951-ல் பார்த்த அதே நீர்க்கட்டி திரும்ப வரலாம். இன்னொன்று, இந்த மருந்து மனிதத் தோல் வழியாகவும் உடலில் இறங்கும். கையுறை கட்டாயம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

இதற்கிடையே 1970-ல் புரூக்ஸ், கோல் என்ற இருவர் மருந்தில்லாத வழி ஒன்றை ஆராய்ந்து எழுதினார்கள். பருவமடையாத இளம் பன்றிகளிடம் வளர்ந்த ஆண் பன்றியைக் காட்டினால் அவை சீக்கிரமே பருவமடைகின்றன, அதுவும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்! நாள் குறித்த மாதிரி வராது என்பது உண்மை. ஆனால் ஆல்ட்ரெனோஜெஸ்ட்டே ஒருமுறையாவது பருவத்துக்கு வந்த பன்றிகளுக்குத்தான் அனுமதிக்கப்பட்டது. ஆக, அந்த முதல் பருவத்தை வரவழைக்க இன்றும் ஆண் பன்றி உதவுகிறது.

இந்த வரலாற்றில் எனக்குப் படுவது இதுதான். பன்றிக்கு இந்த அவசரம் எதுவும் இல்லை. கால அட்டவணை நம்முடையது. அதன் விலையை முதலில் பன்றியின் சினைப்பையும், பிறகு பிறக்காத குட்டியும் கொடுத்தன. இப்போது மருந்து ஊற்றும் தொழிலாளியும் அந்த வரிசையில் நிற்கிறார். அவர் கையில் கையுறை இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த விஞ்ஞானத்தில் சேர்ந்ததுதான்.